சேராத குதிகால்கள்

கால் மரத்துப்போனால் ஓர் உதறு உதறிவிட்டு நடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு பாதமும் ஒன்றாக மரத்து, அந்த மரப்பு மறுநாள் கணுக்காலுக்கும் அதற்கடுத்த நாள் முழங்காலுக்கும் ஏறினால் உதறாதீர்கள், தைலம் தேய்க்காதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முக்கியமாக, என்னைப்போல் ஓடிப் பார்க்காதீர்கள். ஆமாம், நான் ஓடினேன். ராணுவத்தில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு எந்த வலிக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

என் பெயர் முத்துலட்சுமி. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கிற அகரம் எனக்கு ஊர். ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவில் லெப்டினன்ட் கர்னல். துப்பாக்கிச் சண்டைக் கதை கேட்க வருகிறவர்களை நான் எப்போதும் ஏமாற்றத்தோடுதான் அனுப்புவேன். ஏனென்றால் நான் லாரிக்காரி. பனிமலை மேல் காவல் நிற்கிறவனுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் உருளைக்கிழங்கும் போய்ச் சேர வேண்டும். வண்டிகள் வரிசையாக மலை ஏறும். ஒவ்வொரு டிரைவரும் தனக்குப் பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும், அது தெரியவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். அப்படி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்ச் சேர்கிற அந்த வரிசைக்கு நான் பொறுப்பு. அதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் தலைமை அதிகாரியின் அறையில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். அந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து தலைமை ஏற்றவர்கள் பெயரெல்லாம் அதில் தங்க நிறத்தில் எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ தப்புக்காக அந்த அறையில் நிற்கவைத்துத் திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டே நான் பலகையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பெயர்கூட இல்லை. அன்றைக்குப் பிடித்தது அந்த ஆசை. எங்களுக்கெல்லாம் அந்தக் கதவு அப்போது திறக்கவே இல்லை. திறந்தபின் பல வருடம் காத்திருந்து, கடைசியில் வடக்கே ஒரு மலை ஊரில் இருக்கிற பிரிவுக்கு என்னைத் தலைமை அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிபந்தனை, உடம்பு முழுத் தகுதியோடு இருக்க வேண்டும். எங்கள் உடம்புக்கும் தரம் உண்டு, ராணுவ டாக்டர்கள் போடுவது. முதல் தரத்திலிருந்து இறங்கினால் மலைக்கு அனுப்பமாட்டார்கள். நான் ஒருநாளும் இறங்கியதில்லை.

அந்தப் பொறுப்பை ஏற்கப் போவதற்கு முன் கிடைத்த விடுப்பில் அகரத்துக்கு வந்தேன். வீட்டில் அம்மா, தம்பி பாண்டி, அவன் மனைவி கவிதா. பாண்டிக்கு வெண்டையும் கத்தரியும் தென்னையும் போட்ட தோட்டம் இருக்கிறது. அம்மாவுக்கு என் வேலை பிடிக்காது. முதல் விடுப்புக்கே, “அந்த உடுப்ப மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள வராதத்தா, பெறகு ஒருத்தனும் பொண்ணு கேக்க வரமாட்டான்” என்று சொல்லிவிட்டாள். பொண்ணு கேட்கிற வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. அந்த உத்தரவு மட்டும் ரத்தாகவே இல்லை. எல்லா விடுப்புக்கும் திண்டுக்கல் ஸ்டேஷனில் சுடிதாரோடுதான் இறங்குவேன். நான் உடுப்பில் எப்படி இருப்பேன் என்று என்னைப் பெற்றவள் பார்த்ததில்லை.

வந்த முதல் வாரத்தில் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு. மோர்க்கஞ்சியில் சரியாகிவிட்டது. அதை நான் மறந்தே போனேன், உடம்பு மறக்கவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் வழக்கம்போல் குடகனாற்றுப் பாலம் வரை ஓடினேன். கால்விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஷூவைக் கழற்றிப் பார்த்தால் எறும்பைக் காணோம். மறுநாள் பாதத்தடியில் பஞ்சை வைத்த மாதிரி இருந்தது. சோம்பல் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் ஓட்டவேண்டும் என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன். பாலத்துக்குப் பக்கத்தில் வலது முழங்கால் மடங்கியது. சரி என்று எழுந்தேன், இடதும் மடங்கியது. தரையில் உட்கார்ந்தபடி பாண்டிக்குப் போன் போட்டேன்.

பைக்கில் வந்து இறங்கியவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். “என்னக்கா, ராணுவம் உக்காந்துருச்சு?”

“ஏலே, சிரிக்காம தூக்குடா.”

தூக்கும்போது என் கால்கள் தரையில் இழுபட்டதைப் பார்த்துதான் அவன் சிரிப்பு நின்றது. வீட்டுக்கு வந்து துணி மாற்றிக் காரில் ஏற்றுவதற்குள் கையூன்றி எழுந்திருக்கக்கூட முடியாமல் போய்விட்டது. பாண்டி ஓட்ட, அம்மா பின்சீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கவிதா ஃபிளாஸ்க்கையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஸ்கூட்டியில் வந்தாள். அந்த நிலைமையிலும் நான், “மிரரைப் பாருடா, கவிதா வாராளா? தெரியலைன்னா நிறுத்து” என்று கத்திக்கொண்டே வந்ததாகப் பாண்டி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

திண்டுக்கல்லில் திருச்சி ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் தானாக ஒரு உதை உதைக்க வேண்டும். உதைக்கவில்லை. மறுபடி தட்டினார். எவ்வளவு கேலி பேசினாலும் சிரிக்கிற பையன்போல இருந்தார், அப்போது சிரிக்கவில்லை. பெரிய டாக்டரை, நரம்பு டாக்டரை, வரச்சொன்னார்.

முதலில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறதாம், அதில் புரதம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு படுக்க வேண்டும். என்னை மடக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை. அடுத்த சோதனைதான் படுத்தியது. காலில் அங்கங்கே சின்ன மின்சாரம் கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகத்தில் கடத்துகிறது என்று அளப்பார்கள். என் நரம்புகள் கடத்தவே மாட்டேன் என்றன.

நரம்பு டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிற்காமல் உட்கார்ந்து பேசுகிற டாக்டர் என்றால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

“மேடம், இதுக்கு கில்லன்-பாரேன்னு பேரு. பேரை விடுங்க. உங்களுக்கு வயித்துல ஒரு கிருமி வந்துச்சுல்ல? அதை அடிக்க உடம்பு ஒரு படையைக் கிளப்புச்சு. அது கிருமியை அடிச்சு முடிச்சிட்டு, நரம்பு மேல இருக்கிற உறையையும் எதிரின்னு நினைச்சு அடிக்குது. ஒயர் மேல பிளாஸ்டிக் இருக்குமே, அந்த மாதிரி உறை.”

“எங்க ஆளே எங்க மேல சுட்டுட்டானா டாக்டர்?”

“அதேதான்.”

“எப்ப நிறுத்துவான்?”

“மருந்து போடுவோம். ஆனா நிறுத்துறதுக்கு முன்னாடி இன்னும் மேல ஏறலாம். கை, அப்புறம் நெஞ்சு. மூச்சு இழுக்கிற தசைக்கு வந்துட்டா மிஷின் வைக்கணும். அதனால ஐ.சி.யூ.”

என் பதவியேற்பைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தம்மாவுக்கு நிலைமை புரியவில்லை என்று எழுதியிருந்தது. “நீங்க ஒழுங்கா மூச்சு விடுங்க. இப்போதைக்கு அது போதும்” என்றார்.

என் அலுவலகத்துக்கும் ராணுவ மருத்துவமனைக்கும் சொல்லியாக வேண்டும். பாண்டியைப் போன் பேசவைத்தேன். “ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா சார் போட்டுக்கடா” என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் போட்டான். மூச்சு நிலைக்கும்வரை நகர்த்த வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவு வந்தது. மருந்து என்பது இமியூனோகுளோபுலின், முன்பின் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சத்து. டிரிப்பில் சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் ஏறும். அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பாண்டி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். ராணுவம் கொடுத்துவிடும் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை, நல்லவேளை கொடுத்தது.

ஐ.சி.யூவில் முதல் காலை. பெரிய டாக்டர், சின்ன டாக்டர்கள், நர்ஸுகள் என்று ஒரு கூட்டம் ரவுண்ட்ஸ் வந்தது. ராணுவ மருத்துவமனையில் ஒருமுறை கையை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அங்கே பெரிய அதிகாரி ரவுண்ட்ஸ் வந்தால், எழ முடியாத நோயாளி படுக்கையிலேயே அட்டென்ஷனில் கிடக்க வேண்டும். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, தாடை நிமிர்ந்து, கண் மேலே. அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியது. டாக்டர் நுழைந்ததும் நான் என்னையறியாமல் விறைத்தேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் அலறிவிட்டது. “சார், பேஷண்ட்டுக்கு என்னமோ பண்ணுது! ஒடம்பு விறைக்குது சார்!”

ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். ஒருவர் என் கண்ணைப் பிரித்து டார்ச் அடித்தார், ஒருவர் தாடையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். “எனக்கு ஒண்ணுமில்லைங்க. மரியாதைக்கு இப்படிப் படுத்திருக்கேன்” என்றேன். நரம்பு டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த ஆஸ்பத்திரியில இம்புட்டு மரியாதை எனக்கு யாரும் குடுத்ததில்லம்மா. விடுங்க, சாதாரணமாப் படுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போர்வைக்கு வெளியே நீண்டிருந்த என் கால்களைப் பார்த்தேன்.

கை ஒட்டியிருந்தது. தாடை நிமிர்ந்திருந்தது. பாதங்கள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. அட்டென்ஷன் என்றால் முதலில் சேர வேண்டியது குதிகால்கள்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது. சேருங்கள் என்று கால்களுக்கு உத்தரவு போட்டேன். மறுபடி போட்டேன். அவை என் பேச்சைக் கேட்கிற கால்களாகவே இல்லை. அதுவரை எனக்குப் பயம் வரவில்லை. அந்த நிமிடம் வந்தது.

அங்கே மூச்சை அளக்க ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். ஒரே மூச்சில் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு தெம்பு. அணிவகுப்பு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தவள் நான். முதல் நாள் நன்றாகவே போனேன். அடுத்த நாள் பாதியில் நின்றது. அதற்கடுத்த நாள் பத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு தீர்ந்தது. பார்க்க வருகிற கொஞ்ச நேரத்தில் அம்மாவும் இதைக் கவனித்திருக்கிறாள். நான் எண்ணும்போது அவளும் முந்தானைக்குள் விரல் மடக்குவாள். நான் நிறுத்தியபிறகும் அவள் உதடு எண்ணிக்கொண்டே போகும், மிச்சத்தை அவள் எண்ணிக்கொடுத்தால் எனக்குச் சேர்ந்துவிடும் என்பதுபோல.

மிஷின் வைக்கிற கட்டத்துக்கு ஒரு படி கீழே அது நின்றது. அப்படியே சில நாள் நின்றது. பிறகு ஒருநாள் ஒரு எண் கூடியது. அந்த ஓர் எண்ணுக்கு அம்மா ஐ.சி.யூ வாசலில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள்.

வார்டுக்கு மாற்றியபின் ஜன்னல் கிடைத்தது. ஜன்னல் வழியே நாலுவழிச் சாலைப் பாலம் தெரியாது, ஆனால் கேட்கும். திண்டுக்கல் வழியாகப் போகாத லாரி தமிழ்நாட்டில் உண்டா? பாரம் ஏற்றிய வண்டி பாலத்து ஏற்றத்தில் கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். ஒருத்தன் மாற்றுவதற்குத் தாமதித்தால், “மாத்துடா, இஞ்சின் முக்குது பாரு” என்று வாய்விட்டே சொல்லிவிடுவேன். கவிதா திரும்பிப் பார்ப்பாள். அந்தச் சத்தத்தோடு எனக்கு எல்லாம் வரும். விடியற்குளிரில் டீசல் வாசனை, வண்டிகளுக்கு அடியில் தீ காட்டி இஞ்சினைச் சூடேற்றுகிற பையன்கள், கையுறையைக் கழற்றிப் பிடித்தாலும் விரல் சுடாத டீ. முதல் வண்டி நகரும்போது நெஞ்சுக்குள் ஒரு குதிப்பு வரும், அது. சொந்த ஊரில், சொந்த மனிதர்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கிற ஒரு மண்ரோட்டுக்காக ஏங்கினேன். ஏங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்படி ஒரு மத்தியானம் அம்மா ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி கேண்டீனில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் சரியில்லை என்று அகரத்திலிருந்து தினமும் டிபன் கேரியர் வரும். மூன்றாவது வாய் கொடுக்கும்போது அவள் கை நின்றது.

“நாந்தாத்தா கேட்டேன்” என்றாள்.

“என்னத்தைம்மா?”

“தாடிக்கொம்பு பெருமாள்ட்ட. ஏம் மக அந்த வேலைய விட்டுட்டு வீட்டோட வந்துரணும்னு. வருசா வருசம் கேட்டேன். இந்த வருசம், வந்துட்டா சாகுமட்டும் சனிக்கிழமை ஒருபொழுதுதான் சாப்பிடுவேன்னு நேந்துக்கிட்டேன். அவரு கேட்டுட்டாருத்தா. கால எடுத்துக்கிட்டு அனுப்பிட்டாரு.”

தட்டை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபமாக வந்தது. எத்தனை வருடமாக இவள் எனக்கு எதிராக மனுப்போட்டுக்கொண்டிருந்தாள் என்று. அடுத்த நிமிடம், ஒவ்வொரு விடுப்பு முடிவிலும் ஸ்டேஷனில் ரயில் மறையும்வரை நின்றிருப்பாளே, அது நினைவுக்கு வந்தது. அவளுடைய கண்ணாடியில் என் வண்டி தெரியவே இல்லை, அவ்வளவுதான் அவள் குறை. “பெருமாளுக்கு வேற வேலை இல்லையாம்மா? அது விசேஷ வீட்டுச் சாப்பாடு” என்றேன். அவள் கேட்கிற நிலைமையில் இல்லை.

அதே வாரம் மலை ஊரிலிருந்து போன் வந்தது. நான் தலைமை ஏற்கவேண்டிய பிரிவின் மூத்த சுபேதார். என்னை நேரில் பார்த்ததில்லை. பையன்கள் உங்களுக்காக வாசல் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டார்கள் மேடம், சீக்கிரம் வாருங்கள் என்று இந்தியில் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பேசினார்கள். மிகுந்த மரியாதையோடு பேசினார்கள். மலைப்பாதை திறக்கிற காலம், பிரிவைத் தலைமை இல்லாமல் விட முடியாது, வேறோர் அதிகாரியை நியமித்துவிட்டோம். சரி சார், சரிதான் சார் என்றேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்ப நினைத்தேன். திரும்பக்கூட முடியவில்லை. மல்லாந்தபடியே அழுதேன், காது நிறையத் தண்ணீர்.

அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. என்ன ஏது என்று கேட்கவில்லை. என் முகத்தைத் துடைத்தாள். செருப்பை மாட்டினாள்.

“எங்கம்மா போற?”

“கோயிலுக்குப் போறேன். கேட்டது தப்புன்னு சொல்லிட்டு வாரேன். ஏம் மகள அனுப்பிவைக்கணும்னு கேட்டுட்டு வாரேன்.”

கதவருகில் நின்ற பாண்டி, “ஏம்மா, பெருமாள் என்ன ஜவுளிக்கடையா வச்சிருக்காரு, பிடிக்கலைன்னா மாத்திக்கிற?” என்றான்.

“நீ வண்டிய எடுறா. ஒன்ன யாரு கேட்டா?” என்றாள். எடுத்தான். சனிக்கிழமை ஒருபொழுது நேர்த்தியை மட்டும் அவள் திருப்பி வாங்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதானாம்.

உடற்பயிற்சி கொடுக்க வந்தவர் ஸ்டெல்லா என்ற பிசியோதெரபிஸ்ட். நரம்பின் உறை மறுபடி வளரும், ஆனால் மெதுவாக வளரும், மேலிருந்து கீழே வரும், பாதத்துக்குக் கடைசியில்தான் வரும் என்று விளக்கினார். அதுவரை தசை இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதத்தில் ஒரு பட்டையைக் கொடுத்து, இரண்டு முனையையும் கையில் பிடித்துத் தன் பக்கம் இழுக்கவேண்டும். ஆஸ்பத்திரிப் பட்டை தோலை அறுத்தது. கவிதா சின்னாளப்பட்டிக்காரி. அம்மா வீட்டுக்குப் போய், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்து கிழித்துப் பின்னிக் கொடுத்தாள். “மதினி, இதுல இழுங்க. பிஞ்சா எங்க வீட்ல இன்னும் நிறையக் கெடக்கு” என்றாள். பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது.

எனக்கு ஆணையிட்டுத்தான் பழக்கம். ஸ்டெல்லா “போதும் மேடம், ரெஸ்ட் எடுங்க” என்று போனபிறகும் செய்துகொண்டிருப்பேன். அதனால் வலி கூடியது. பிறகு அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். கட்டிலின் கால்மாட்டில் சம்மணம்போட்டு உட்கார்ந்துகொண்டு, “இழு... விடு... ம், இழு” என்பாள். ஒன்று கூடுதலாகச் செய்தால் தொடையில் ஒரு அடி. என் வாழ்க்கையில் எத்தனையோ டிரில் வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். இவளைப்போல் ஒருத்தர் அகப்படவில்லை.

வாக்கரைப் பிடித்து வராந்தாவில் நடக்கத் தொடங்கியதும் டிஸ்சார்ஜ் செய்தார்கள். வீட்டில் மிச்ச மாதங்கள். பாதம் மட்டும் மேலே தூக்காது, நடந்தால் தரையில் பட்டுத் தடுக்கும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கியை ஷூவுக்குள் வைத்துக்கொள்ளவேண்டும். அட்டென்ஷனில் நிற்க தினமும் பார்த்தேன். குதிகால்களுக்கு நடுவில் ஒரு தேங்காய் நுழைகிற இடைவெளி இருந்தது. பிறகு எலுமிச்சம்பழம். பாண்டி நிஜமாகவே எலுமிச்சம்பழத்தை வைத்து அளந்து பார்த்தான், படுபாவி.

ஒருநாள் ஷூ தேடி என் கறுப்பு இரும்புப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் பதவியும் எழுதிய பெட்டி, எங்கே மாற்றினாலும் கூடவே வரும். பதவியேற்பு நாளுக்கென்று உள்ளே ஒரு ஜோடிப் பழுப்பு ஷூ வைத்திருந்தேன். ஈரப்பஞ்சால் வட்டவட்டமாகப் பாலிஷ் போட்டுப் போட்டு, வருடக்கணக்கில் ஏற்றிய பளபளப்பு. குனிந்தால் முகம் தெரியும். எடுத்துப் பார்த்தேன். பளபளப்பைக் காணோம். தோல் கறுத்து, பிசுபிசுத்துப்போய், தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது.

“யாரு இதத் தொட்டது?” வீடே அதிர்ந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். “நாந்தான். தோலு வெடிச்சுரும்னு வாரா வாரம் எண்ணெய் போட்டேன். நம்ம காய்ல ஆட்டுன நல்ல எண்ணெய்த்தா. நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?”

தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில் எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் மருந்து. என்னைக்கூட அதில்தான் முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். திட்ட வாயைத் திறந்தேன். அந்த ஷூ இருக்கவே கூடாது என்று கும்பிட்டவள், நான் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, அதற்கு எண்ணெய் தேய்த்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பளபளப்பு இனி வராது. எண்ணெய் குடித்த தோலில் பாலிஷ் நிற்காது.

இப்போது முடிவைச் சொல்லிவிடுகிறேன். ராணுவ மருத்துவமனையில் டாக்டர்கள் குழு என்னைப் பார்த்தது. நடக்கச் சொன்னார்கள், நுனிக்காலில் நிற்கச் சொன்னார்கள், குதிகாலில் நிற்கச் சொன்னார்கள். நுனிக்காலில் நின்றேன். குதிகாலில் நிற்க முடியவில்லை. வேலையில் தொடரலாம், மலைக்கு இப்போது அனுமதியில்லை, பிறகு மறுபடி பார்ப்போம் என்று எழுதினார்கள். சமவெளியில் ஒரு கிடங்கில் மேசை வேலை. அந்த மலைப் பிரிவின் பலகையில் வேறொருவர் பெயரை எழுதியாகிவிட்டது. நல்ல அதிகாரி, எனக்கு ஜூனியர், பதவி ஏற்றதும் எனக்குத்தான் முதல் போன் போட்டார். மறுபடி வாய்ப்பு வருமா என்று தெரியாது. ஏக்கம் போகவில்லை. கிடங்கு வாசலில் லாரி கிளம்பும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், கைத்தடி இல்லாமல் போகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. குழுவைப் பார்க்கக் கிளம்பிய நாள் காலையைச் சொல்ல வந்தேன்.

வழக்கம்போல் சுடிதாரை எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தேன். அம்மா வந்தாள். அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

“உடுப்ப மாட்டிக்க” என்றாள்.

“ஊருக்குள்ளயா?”

“ஊருக்குள்ளதான். பாக்கட்டும்.”

மாட்டினேன். தொளதொளவென்று இருந்தது, அவ்வளவு இளைத்திருந்தேன். பெல்ட்டில் பாண்டி புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தான். அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். கீழே உட்கார்ந்து, தாங்கியோடு என் பாதத்தைப் பிடித்து அந்த எண்ணெய் ஷூவுக்குள் நுழைத்தாள். கயிற்றை, காய்மூட்டை கட்டுகிற முடிச்சாகப் போட்டாள். எழுந்தேன். கதவு நிலையைப் பிடித்திருந்த கையை விட்டேன். அட்டென்ஷன்.

அம்மா கீழேயே உட்கார்ந்திருந்தாள். “ஏத்தா, ஒட்டலையே” என்றாள்.

“அம்புட்டுத்தாம்மா வரும்.”

பிறகு அவளுடைய இரண்டு கையும் என் இரண்டு குதிகாலையும் பின்னாலிருந்து பற்றின. மெல்ல, ஒன்றை மற்றதோடு கொண்டுவந்து சேர்த்தாள். ஷூத்தோலும் ஷூத்தோலும் உரசுகிற சத்தம் கேட்டது.

“இப்ப ஒட்டிருச்சு. அசையாம நில்லு” என்றாள். கையை எடுக்கவில்லை.

அட்டென்ஷனில் நிற்கிறவர் கீழே பார்க்கக் கூடாது. தாடை நிமிர்ந்து, கண் நேரே. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் கை நடுங்குவது தெரிந்தது. தோலையும் தாங்கியையும் தாண்டி அந்த நடுக்கம் என் பாதத்துக்குத் தெரிந்தது. இத்தனை மாதமாக எதுவுமே தெரியாமல் கிடந்த பாதம் அது. நான் கீழே பார்க்கவில்லை.